பத்து எம்.எம். மரியாதை

ஜனவரி 5, ஞாயிறு

சம்பந்தியும் நானும் கடலுக்குப் போய் வந்தோம். மூன்று ஊளி, ஒரு விளமீன், மற்றபடி வெயில்தான்.

புது டைரி என்பதால் சில விஷயங்களை முதலிலேயே எழுதி வைக்கிறேன். படகு எங்கள் இருவருக்கும் சொந்தம். இருபத்து நாலு அடி ஃபைபர் படகு. நான் மில் ஸ்டோர்ஸில் பர்ச்சேஸ் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்ற அதே வருடம்தான் சம்பந்தி பொன்னுலிங்கம் தன் ஹார்டுவேர் கடையை மகன் சுயம்புவிடம் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். சுயம்பு என் மாப்பிள்ளை. வேலையில்லாத ஆண்பிள்ளை பகல் முழுக்க வீட்டில் கிடந்தால் பெண்களுக்கு ஆகாது என்று ஆளுக்குப் பாதி போட்டு இதை வாங்கினோம். ஞாயிறு தோறும் தூண்டில் போடப் போகிறோம். தூத்துக்குடியில் ஞாயிற்றுக்கிழமை மீன்பிடிப் படகு எதுவும் இறங்காது, எல்லாரும் மாதா கோயிலில் இருப்பார்கள். கடல் எங்களுக்கு மட்டும். படகுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. நீங்கள் வையுங்கள் என்று அவரும், நீங்கள் இருக்கும்போது நானா என்று நானும் சொல்லிச் சொல்லி இரண்டு வருடமாக நம்பரோடு ஓடுகிறது.

படகில் இருப்பது இரண்டே வேலை. ஒன்று ஸ்டீரிங்கில் உட்கார்ந்து ஓட்டுவது. இன்னொன்று முன்னால் நின்று நங்கூரத்தைப் போட்டு எடுப்பது. யாருக்கு எது என்று நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. பேச என்ன இருக்கிறது? அவர் மாப்பிள்ளையைப் பெற்றவர், நான் பெண்ணைக் கொடுத்தவன். நாற்காலி அவருக்கு, கயிறு எனக்கு.

அதற்காக அவர் தலைகால் தெரியாமல் ஆடுகிறவர் இல்லை. ஒவ்வொரு திருப்பத்துக்கும் என்னைக் கேட்டுத்தான் திருப்புவார். வலமா, இடமா, நீங்கள் சொல்லுங்கள் சம்பந்தி என்பார். எதிரே இத்தனை பெரிய சிவப்பு மிதவை நின்றாலும் நான் வாயைத் திறக்கிற வரை காத்திருப்பார். இப்படி மரியாதை தெரிந்த மாமனார் கிடைக்க என் மகள் எழில் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

இன்று நங்கூரம் சேற்றில் மாட்டிக்கொண்டது. மூச்சைப் பிடித்து இழுத்தேன். வலது தொடைக்கு மேலே சுருக்கென்று ஒரு வலி. வீட்டுக்கு வந்து பார்த்தால் அந்த இடத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். படுத்தால் உள்ளே போய்விடுகிறது. வாயுவாக இருக்கும்.

ஜனவரி 6, திங்கள்

வாயு இல்லையாம். குடலிறக்கம் என்கிறார் சர்ஜன். ஆபரேஷன் செய்துகொண்டால் மறுநாள் வீட்டுக்குப் போகலாம், செய்யாமல் கனம் தூக்கிக்கொண்டு திரிந்தால் குடல் மாட்டி உயிருக்கே உலை வைக்கும் என்றார். எது கனம் என்று கேட்டேன். தண்ணீர் வாளி கூடக் கனம்தான் என்றார். நங்கூரத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாது என்பது ஆடிட்காரர்களிடம் நான் படித்த பாடம்.

ஆபரேஷன் இப்போது முடியாது. என் மனைவி செல்லக்கனிக்குத் தெரிந்தால் மறுநாளே படகுக்கு ஆள் பார்த்துவிடுவாள். அது கூடப் பரவாயில்லை. சம்பந்திக்குத் தெரிந்தால்? நாம் சொகுசாக உட்கார்ந்துகொண்டு பெண் வீட்டுக்காரரை இழுக்க வைத்துக் குடலை இறக்கிவிட்டோமே என்று நொந்துபோவார். இனி நங்கூரத்தை நான் இழுக்கிறேன், நீங்கள் ஓட்டுங்கள் என்பார். மாப்பிள்ளையின் அப்பா கயிறு இழுக்க, பெண்ணின் அப்பா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து ஓட்டுகிற கண்கொள்ளாக் காட்சியை ஊரே பார்க்கும். எழில் அந்த வீட்டில் தலைநிமிர்ந்து வாழ வேண்டாமா?

கடலுக்குப் போவதை நிறுத்தலாம். அது என்னால் ஆகாது. வாரத்தில் மற்ற ஆறு நாளும் நான் ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் எழுந்திருக்கிறேன். வாய்விட்டுச் சொன்னால் சிரிப்பார்கள், அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஒரு பெல்ட் வாங்கினேன். வேட்டிக்குள் கட்டினால் வெளியே தெரியாது.

நங்கூரத்தைத் தூக்க மின்சார மோட்டார் இருக்கிறதாம். விண்ட்லாஸ் என்று பெயர். படகின் மூக்கில் உட்காரும், பொத்தானை அழுத்தினால் சங்கிலியைச் சுருட்டி நங்கூரத்தை மேலே கொண்டுவந்துவிடும். இத்தனை நாள் இது தெரியாமல் இருந்திருக்கிறேனே.

ஜனவரி 8, புதன்

போல்ட் நட்டிலிருந்து பாய்லர் வரை வாங்கிக் கொடுத்தவன் நான். ஒரு மோட்டார் வாங்கத் தெரியாதா? மூன்று விலைப்புள்ளி, ஓர் ஒப்பீட்டு அட்டவணை, முறைப்படி செய்கிறேன்.

இரண்டு ஜாதி இருக்கிறது. ஒன்று நிற்பது, மோட்டார் தளத்துக்கு அடியில் மறைந்திருக்கும். மற்றது படுத்தது, எல்லாமே மேலே இருக்கும். எங்கள் படகில் அடியில் இடமில்லை, ஆகவே படுத்ததுதான். நங்கூரம், சங்கிலி எல்லாம் சேர்ந்த எடையைப் போல மூன்று நான்கு மடங்கு இழுக்க வேண்டும். என்ஜின் ஓடும்போதுதான் போட வேண்டும், இல்லையென்றால் பேட்டரி உட்கார்ந்துவிடும். எல்லாவற்றையும்விட முக்கியமானது சக்கரம். அதில் சங்கிலிக் கண்ணி உட்காரக் குழி குழியாக இருக்கும். எட்டு எம்.எம். சக்கரத்துக்கு எட்டு எம்.எம். சங்கிலிதான். மாறினால் வழுக்கும், இல்லாவிட்டால் சிக்கும். இதைச் சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

அட்டவணையில் இழுவை, மின்சாரம், உத்தரவாதம் என்று கட்டங்கள். கடைசிக் கட்டம், சம்பந்தி பார்த்தால் என்ன நினைப்பார் என்பது. இத்தாலிக்காரனுடையது பளபளவென்று இருக்கிறது, பெண் வீட்டுக்காரன் பவுசு காட்டுகிறான் என்று ஆகிவிடும். சீனாக்காரனுடையது மலிவு, மாப்பிள்ளை வீட்டுக் கால் படுகிற இடத்தில் மலிவுச் சரக்கைப் போட்டான் என்று ஆகிவிடும். இரண்டையும் தள்ளிவிட்டேன், மிச்சம் கொச்சி டீலருடையதுதான்.

நாள் முழுக்க என்ன கோடு போட்டுக்கொண்டு இருக்கிறீர்கள் என்று செல்லக்கனி கேட்டாள். பேத்தி மகிழுக்குக் கணக்கு வீட்டுப்பாடம் என்றேன். மகிழ் எல்.கே.ஜி. என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

ஜனவரி 10, வெள்ளி

கொச்சி டீலரிடம் பேசினேன். படகு எத்தனை அடி என்றான். சொன்னேன். அதற்கு மோட்டார் எதற்கு, கையால் இழுங்கள் சார், உடம்புக்கு நல்லது என்றான். வியாபாரம் செய்யத் தெரியாத பயல்.

ஜனவரி 12, ஞாயிறு

பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு போனேன். நங்கூரத்தை எடுத்தபின் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார வேண்டியிருந்தது. என்ன சத்தத்தையே காணோம் என்று சம்பந்தி ஸ்டீரிங்கிலிருந்து கேட்டார். கடலை ரசிக்கிறேன் என்றேன்.

பிறகு மெதுவாக மோட்டார் பேச்சை எடுத்தேன். காலம் மாறிவிட்டது, எல்லாரும் மின்சாரத்துக்குப் போய்விட்டார்கள் என்றேன். உடம்பைப் பற்றி மூச்சு விடவில்லை. அவர் உடனே, நீங்கள் எது செய்தாலும் சரியாகத்தான் இருக்கும் என்றுவிட்டார். ஆனால் மோட்டாரை நீங்கள் வாங்கினால் சங்கிலி என்னுடையது, அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றார். வேண்டாம் என்றேன். எங்களை அவ்வளவு மட்டமாக நினைத்துவிட்டீர்களா என்றார். அதற்குமேல் பேச முடியுமா?

மதியம் சோறு இறங்கவில்லை. ஊளி மீன் குழம்பு, அதுவும் வீணாகிவிட்டது.

ஜனவரி 15, புதன்

மாட்டுப்பொங்கல். நேற்று நாங்கள் எழிலுக்குப் பொங்கல்படி கொடுத்துவிட்டு வந்தோம், இன்று சம்பந்தி வீட்டார் இங்கே வந்தார்கள். வாசலில் நின்ற பக்கத்து வீட்டு ஞானதிரவியத்தைக் கட்டிப்பிடித்து, சௌக்கியமா சம்மந்தி என்று கேட்டுவிட்டார் மனுஷன். என் வீட்டு வாசலில் நிற்கிறவர் எல்லாருமே அவருக்குச் சம்பந்திதான். என்ன பெருந்தன்மை.

சாப்பாட்டுக்குப் பின் சங்கிலி பேச்சு வந்தது.

"எத்தனை எம்.எம். எடுக்கட்டும் சம்மந்தி?"

எட்டு என்று சொல்ல வாய் திறந்தேன். எதிரே செல்லக்கனி வெற்றிலைத் தட்டோடு நின்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். சீர் கொடுக்கிறவரிடம் இன்ன அளவில் கொடு என்று கேட்பது எந்த ஊர் வழக்கம்? வரதட்சணை பேசுகிற மாதிரி ஆகிவிடாதா?

"ஒங்க இஷ்டம் சம்மந்தி. நீங்க பாத்து எடுத்தாச் சரிதான்."

"அப்படிச் சொல்லிட்டா எப்படி? நீங்க சொல்லுங்க."

"நீங்க எடுத்தா கொறையா எடுப்பியளா?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. எட்டு என்பதுதான் எங்கும் கிடைக்கிற அளவு, கடைக்காரனே அதைத்தான் கொடுப்பான் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

ஜனவரி 16, வியாழன்

மோட்டாருக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று. எட்டு எம்.எம். சக்கரம்.

ஜனவரி 23, வியாழன்

மோட்டார் வந்தது. கிரைண்டரா என்று கேட்டு ஆசையாகப் பிரித்தாள் செல்லக்கனி. இல்லை என்றதும் அடுக்களைக்குப் போனவள் சாயங்காலம் வரை பேசவில்லை.

ஜனவரி 25, சனி

சங்கிலி லோடு ஆட்டோவில் வந்தது. தாம்பாளத்தில் வைக்க முடியாத கனம் என்பதால் தாம்பாளத்தைச் சங்கிலி மேல் வைத்திருந்தார்கள். வெற்றிலை பாக்கு, பழம், கல்கண்டு, முதல் கண்ணியில் மஞ்சள் துணி, குங்குமம். சம்பந்தி இறங்கி ஒவ்வொரு கண்ணியாகத் தடவிக் காட்டினார்.

"எட்டு போதும்பான்னு சுயம்பு சொன்னான். நான் விடலை. மாப்பிள்ள வீட்டுச் சீரு மெலிசா இருந்துச்சுன்னு ஒரு சொல்லு வரக்கூடாது பாருங்க. பத்து போடுன்னேன்."

பிரமாதம் என்றேன். வேறு என்ன சொல்வது?

அவர்கள் போனபின் வெர்னியர் வைத்து அளந்தேன். பத்துதான். ஒரு கண்ணி விடாமல் பத்து.

ஜனவரி 28, செவ்வாய்

வழிகளை யோசித்துப் பார்த்தாயிற்று.

இந்த மோட்டாருக்குப் பத்து எம்.எம். சக்கரம் கிடையாதாம். அடுத்த சைஸ் மோட்டார்தான் வாங்க வேண்டும், அதன் கனத்துக்கு எங்கள் படகு மூக்கு குப்புறக் கவிழ்ந்துவிடும். சங்கிலியை மாற்றுங்கள் சார், சிம்பிள் என்றான் டீலர். சிம்பிளாம். அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை போலிருக்கிறது.

யாருக்கும் தெரியாமல் எட்டு எம்.எம். சங்கிலி வாங்கி மாட்டலாம். ஆனால் சம்பந்தி எதையும் கையால் தடவித் தடவித்தான் பார்ப்பார், கண்டுபிடித்துவிடுவார்.

நேரே சொல்லிவிடலாம். கண்ணாடி முன்னால் நின்று நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன். நீங்கள் கொடுத்தது கொஞ்சம் தடிமன். நீங்கள் கொடுத்தது எங்களுக்குப் பொருந்தவில்லை. எப்படிச் சொன்னாலும் உங்கள் சீர் சரியில்லை என்றுதான் வருகிறது. செல்லக்கனியிடம் பட்டும் படாமல் கேட்டேன். அவள் தங்கை வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த குத்துவிளக்கை, உயரம் கொஞ்சம் ஜாஸ்தி என்று யாரோ சொல்லப்போய், அந்த இரண்டு வீடும் இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லையாம். அத்துடன் அந்த வழியும் அடைபட்டது.

ஆகவே இருப்பதை வைத்தே மாட்டச் சொல்லிவிட்டேன். ஃபைபர் பட்டறை டெரன்ஸ், சங்கிலி பெரிசா இருக்கே அண்ணாச்சி என்றான். உன் வேலையைப் பார் என்றேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

துறையிலேயே வெள்ளோட்டம். தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். இரண்டு வீட்டாரும் வந்திருந்தார்கள். பொத்தானை அழுத்தினேன். சக்கரம் சுற்றியது, சங்கிலி அதன்மேல் கடகடவென்று குதித்துவிட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. பக்தியோடு குனிகிற மாதிரி குனிந்து, செருப்புக் காலால் சங்கிலியைச் சக்கரத்தோடு சேர்த்து மிதித்துக்கொண்டு மறுபடி அழுத்தினேன். நங்கூரம் மேலே வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். சம்பந்தி மோட்டாருக்கு எதிர்த் திசையைப் பார்த்து, அருமை, அருமை என்றார்.

மிதித்த வலியில் உயிர் போய்விட்டது. வீக்கம் இப்போது படுத்தாலும் உடனே உள்ளே போவதில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

படுத்து ஓய்வெடுங்கள் என்கிறாள் செல்லக்கனி. ஆனால் இன்றே எழுதிவிட வேண்டும்.

காலையில் நல்ல கடல். நங்கூரத்தைப் போட்டுத் தூண்டிலை இறக்கினோம். மீன் கடிக்க ஆரம்பித்த நேரம் வாடைக்காற்று எழும்பியது. அலை பெரிதானது. கிளம்பலாம் என்று சம்பந்தி என்ஜினைப் போட்டார், நான் முன்னால் போய்ப் பொத்தானை அழுத்தினேன்.

பழையபடி கடகட. மிதித்தேன். பாதிச் சங்கிலி வந்தது. பிறகு ஒரு கண்ணி சக்கரத்தின் மேல் ஏறி, பக்கத்துத் தகட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஆப்பு மாதிரி இறுகிவிட்டது. பியூஸ் போனது. மேலேயும் வராது, கீழேயும் போகாது. ஒவ்வொரு அலைக்கும் படகு மேலே எழும்பப் பார்க்க, சங்கிலி மூக்கைப் பிடித்து இழுக்க, தண்ணீர் உள்ளே கொட்டியது. என்ன ஆச்சு என்று சம்பந்தி கத்தினார். ஒன்றுமில்லை என்று நானும் கத்தினேன்.

ஸ்பானரால் கண்ணியை நெம்பிச் சக்கரத்திலிருந்து விடுவித்தேன். இனி கையால்தான். மூச்சைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தேன். வயிற்றுக்குள்ளே யாரோ கையை விட்டுத் திருகின மாதிரி வலித்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது, அது கடல் தண்ணீர் இல்லை. மகிழின் முகம் வந்தது. இந்த வீம்புக்காகச் சாகப் போகிறேனா என்று எனக்கே என்மேல் ஆத்திரமாக வந்தது.

"சம்மந்தி, என்னால முடியாது."

"எது முடியாது?"

"இழுக்க முடியாது. எனக்குக் குடல் எறங்கியிருக்கு."

 அவர் ஸ்டீரிங்கை விட்டு எழுந்து, படகு விளிம்பைத் தடவிக்கொண்டே முன்னால் வந்தார். என் தோளைத் தடவிப் பார்த்து, என்னை ஓரமாக நகர்த்தி உட்கார வைத்தார். சங்கிலியைக் கையில் சுற்றிக் காலை ஊன்றினார். சிமெண்ட் மூட்டையும் கம்பிக் கட்டும் தூக்கிய உடம்பு. நாலே இழுப்பில் நங்கூரம் சேற்றோடு மேலே வந்து விழுந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

நீங்கள் போய் ஓட்டுங்கள் என்றார். அது உங்கள் இடம் சம்பந்தி என்றேன். அந்த நேரத்திலும் சொன்னேன்.

"அங்க உக்காந்து எனக்கு என்ன தெரியுது? ஒரு வருஷமா எல்லாம் ஒரே பனிமூட்டம். ரெண்டு கண்ணும்."

"அப்ப இத்தனை நாளா எப்படி ஓட்டுனிய?"

"நீங்கதான் வலம் எடம்னு சொல்லுதியளே."

 எத்தனை மிதவை, எத்தனை பாறை. நான் ஒருநாள் கொட்டாவி விட்டிருந்தால் போதும்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் ஸ்டீரிங் உங்களிடம் வரும், நங்கூரம் என்னிடம் வரும் என்றார் அவர். எனக்கு அது சந்தோஷம்தான், ஆனால் மாப்பிள்ளையின் அப்பாவை இழுக்க விட்டுவிட்டோமே என்று நீங்கள் தூங்க மாட்டீர்கள், அதனால்தான் என்றார். பிறகு, ரொம்ப வலிக்கிறதா என்று கேட்டார். சின்ன விஷயம், மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார் என்றேன். வீட்டில் யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று இருவரும் சத்தியம் செய்துகொண்டோம்.

நான் ஓட்டினேன். வாழ்க்கையில் முதல் தடவை. காற்று முதுகில் தள்ள, படகு சொன்னபடி கேட்டது. முன்னால் சம்பந்தி சிறுபிள்ளை மாதிரி அலையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். இதை அன்றைக்கே செய்திருந்தால் என்று தோன்றியது.

அத்தோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். துறை தெரிந்தது. காற்றைப் பார்த்துப் பயந்து இரண்டு வீட்டாரும் வந்து நின்றிருந்தார்கள். கரையில் ஆள் நிற்கிறார்கள் என்று சொன்னேன். யார் யார் என்று கேட்டார். சொன்னேன்.  அவர் எழுந்தார், நானும் எழுந்தேன். அவர் போய் ஸ்டீரிங்கில் உட்கார்ந்தார், நான் முன்னால் போய் நின்றேன்.

வலம் என்று கத்தினேன். காற்றில் அது அவருக்குக் கேட்கவில்லை. துறையின் சிமெண்ட் சுவரில் நேராகப் போய் மோதினோம். ஆளுக்கு ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். மோட்டார் மட்டும் போல்ட்டோடு பெயர்ந்து, சம்பந்தியின் சங்கிலியையும் இழுத்துக்கொண்டு தண்ணீரில் விழுந்தது.

சுயம்பு ஓடிவந்து கைகொடுத்தான். முன்னால் நின்ற நீங்கள் சுவரைப் பார்க்கவில்லையா மாமா என்று கேட்டான். சம்பந்தி எதையோ சொல்ல வாயெடுத்தார். விட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார்.

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியலை மாப்பிள்ள," என்றேன்.

பிப்ரவரி 10, திங்கள்

என் கண்ணைப் பற்றி வீட்டில் மாநாடு நடந்தது. ரொம்ப நாளாகவே சந்தேகம்தான், வரவர சாப்பாட்டில் எது கிடக்கிறது என்று பார்க்காமல் தட்டைத் தள்ளிவிடுகிறார் என்று செல்லக்கனி சாட்சி சொன்னாள். வியாழக்கிழமை கண் ஆஸ்பத்திரி.

பிப்ரவரி 13, வியாழன்

எழில் கூட்டிப்போனாள். துணைக்கு நானும் வருகிறேன் என்று சம்பந்தி ஏறிக்கொண்டார். குற்ற உணர்ச்சி, பாவம்.

கடைசி வரிசைப் பொடி எழுத்து வரை படித்துக் காட்டினேன். டாக்டரம்மா என் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இந்தக் கண்ணை வைத்துக்கொண்டா சுவரில் இடித்தீர்கள் என்றாள். நான் உடனே, துணைக்கு வந்தவரையும் சும்மா ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்றேன். சம்பந்தி என் பக்கமாகத் திரும்பினார். முறைத்தார் என்று நினைக்கிறேன், ஆனால் முறைத்தது நாற்காலியை.

இரண்டு கண்ணிலும் புரை முற்றிப்போயிருக்கிறது, இவர் எப்படி ஐயா நடமாடுகிறார் என்றாள் டாக்டரம்மா. எழில் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். படகை ஓட்டினது யார் என்று கேட்டாள். நாங்கள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிச் சுவரில் இருந்த படத்தை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கடலுக்குப் போகவில்லை. நாள் நகரவே மாட்டேன் என்கிறது. நான்கு வாய் கஞ்சி குடித்தேன், அதுவும் நிற்கவில்லை. வீக்கம் கையால் தள்ளினால்தான் உள்ளே போகிறது. சம்பந்தியின் கண் முதலில் சரியாகட்டும். என்னுடையது சின்ன விஷயம்.

பிப்ரவரி 19, புதன்

நேற்று சம்பந்திக்கு வலது கண்ணில் ஆபரேஷன். இன்று காலை கட்டைப் பிரிக்கும்போது நான்தான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். சுயம்புவும் எழிலும் மருந்து வாங்க வெளியே வராந்தாவில் நின்றார்கள்.

நர்ஸ் கட்டைப் பிரித்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணி சொன்னார். காலண்டரில் தேதியைப் படித்தார். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் காக்கை உட்கார்ந்திருக்கிறது என்று சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். சிரிப்பு நின்றுவிட்டது.

நல்லாத் தெரிகிறதா என்று கேட்டேன். அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். மறுபடியும் முகத்துக்கு வந்தார்.

"சம்மந்தி, ஒங்க கன்னம் எங்க போச்சு?"

வெயிலில் அலைந்தது என்றேன்.

"சின்ன விஷயம்னு சொன்னிய. ஒங்க கொரல் எப்பவும் போலக் கணீர்னு இருந்துச்சு, நானும் நம்பிட்டேன். ஆளு பாதி ஆயிட்டிய. கண்ணு உள்ள போயிருக்கு. மூஞ்சில ரத்தமே இல்ல. பக்கத்துலயே உக்காந்து இருந்திருக்கேன், எனக்குத் தெரியலையே சம்மந்தி."

 புதுக் கண்ணில் தண்ணீர் விடக் கூடாது என்று நர்ஸ் அதட்டினாள். நான் அவசர அவசரமாக, முதலில் உங்களுடைய அடுத்த கண் முடியட்டும், அப்புறம் நிதானமாகப் பார்ப்போம், நீங்கள் எப்படிச் சொல்கிறீர்களோ அப்படியே செய்யலாம் என்றேன். அவர் கட்டிலை விட்டு இறங்கி என் மணிக்கட்டைப் பிடித்தார். சங்கிலியைப் பிடித்த அதே பிடி. வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி எழிலைக் கூப்பிட்டார்.

"ஒங்க அப்பாவுக்குக் குடல் எறங்கியிருக்கு. ஒரு மாசமா மறைச்சு வச்சிருக்காரு. ஆட்டோவக் கூப்பிடு, இப்பவே போணும்."

எழில் கையிலிருந்த மருந்துப் பை கீழே விழுந்தது. செய்த சத்தியத்தை இப்படி உடைக்கலாமா என்று கேட்டேன். ஆட்டோ வந்ததும் அவர் என்னைப் பார்த்து ஒரே வார்த்தைதான் சொன்னார்.

"ஏறுங்க."

சம்பந்தம் செய்துகொண்ட நாளிலிருந்து அவர் என்னிடம் இந்தத் தொனியில் பேசியதில்லை. ஏறினேன்.

இதைச் சர்ஜனின் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். இப்போதே வந்ததால் பிழைத்தீர்கள், இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் நான் செய்தியைக் கேள்விப்பட்டுத்தான் இருப்பேன் என்றார் சர்ஜன். சாயங்காலமே ஆபரேஷன். செல்லக்கனி வந்து ஒரு மூச்சு அழுது, ஒரு மூச்சு திட்டி முடித்துவிட்டாள். படகை விற்கப் போகிறேன் என்றாள். அது பாதி என்னுடையது, நான் விற்க மாட்டேன் என்று சம்பந்தி பட்டென்று சொல்லிவிட்டார். 

உள்ளே கூப்பிடுகிறார்கள். சம்பந்தி கறுப்புக் கண்ணாடியோடு எழுந்து என் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுவிட்டார். கீழே போடுங்கள் சம்பந்தி, யாராவது பார்ப்பார்கள் என்றேன். பார்க்கட்டும் என்கிறார்.